ஜப்பான்ல காய்ஞ்ச ஆரஞ்சுத் தோலை சமையல்லயும் டீயிலயும் எதுக்கு போடறாங்க? வீட்லயே பண்ணலாமா?

நான் ஷிஸுவோகால ஆறு வருஷமா இருக்கேன், டீத் தோட்டமும் மிகான் தோட்டமும் சேர்ந்தே இருக்கற பக்கம், அதனால இந்தக் கேள்விய பாத்ததும் எழுதாம போக மனசு வரல.

மிகான்னா நம்ம கமலா ஆரஞ்சு ஜாதி, கையாலயே உரிச்சிடலாம். அந்தத் தோல் காஞ்சா சிம்பி. சைனாலேந்து வந்த மருந்துச் சரக்கு, பேருக்கே பழைய தோல்னு தான் அர்த்தம், நாளாக நாளாக தான் மதிப்பு. இன்னைக்கும் வயித்துக்குக் குடுக்கற ரிக்குன்ஷிதோ மாதிரி கம்போ, அதாவது ஜப்பானிய மூலிகை மருந்துகள்ல இருக்கு.

சமையல்ல முக்கியமா ஷிச்சிமில தான் வரும், உடோன் நூடுல்ஸ் கடை டேபிள்ல சின்ன டப்பால இருக்குமே அந்தப் பொடி. மிளகாய், வறுத்த மிளகாய், சான்ஷோங்கற ஜப்பான் மிளகு, கருப்பு எள்ளு, கசகசா, கஞ்சாச் செடி விதை, அதோட சிம்பி, மொத்தம் ஏழு (கடைக்குக் கடை கொஞ்சம் மாறும்). 1625-ல எடோவுல, அதாவது இப்போதைய டோக்கியோல, யாகென்போரிங்கற இடத்துல ஆரம்பிச்சாங்க. அந்த ஏரியா பூரா நம்மூர் நாட்டு மருந்துக் கடை மாதிரி கடைங்க, அப்புறம் தோல் எப்படி மிளகாயோட சேந்துச்சுன்னு கேக்கவே வேணாம்.

ஏன் தோல், ஏன் சாறு இல்லன்னா, தோல்ல புளிப்பு கிடையாது, வாசனை எண்ணெய் மட்டும் தான். தாஷி, அதாவது ஜப்பான் சூப்புக்கெல்லாம் அடிப்படையான சாறு, ரொம்ப மெல்லிசான ருசி, ரெண்டு சொட்டு எலுமிச்சை விட்டாலே அது மாறிடும், சிம்பி போட்டா சூப் அப்படியே இருக்கும், ஆவியோட மணம் மட்டும் மூக்குக்கு ஏறும். எனக்கு இதுல இருக்கற அந்த நிதானம் ரொம்ப பிடிக்கும்.

தாராளமா வீட்ல பண்ணலாம். மெழுகு பூசாத பழமா பாத்து வாங்கி, கழுவி, உரிச்ச தோலை வலைத் தட்டுல பரப்பி காத்தாட வைங்க. வளைஞ்சா இன்னும் காயணும், பட்டுன்னு ஒடியணும். மொத வருஷம் நான் ஓரம் காஞ்சதுமே டப்பால போட்டுட்டேன், நடுவுல ஈரம் இருந்து பத்தே நாள்ல மொத்தமும் பூஞ்சை, அள்ளிக் கொட்டும்போது அவ்ளோ வருத்தமா இருந்துச்சு.

டீக்கு கால் பழத் தோலை நொறுக்கி, ஹோஜிச்சா, அதாவது வறுத்த டீ இலையோட சேத்து, கொதிக்கற தண்ணி ஊத்தி ரெண்டு நிமிஷத்துல வடிகட்டிடுங்க, அதுக்கு மேல விட்டா கசக்க ஆரம்பிச்சிடும்.