மாதம் 3,300 ஜிபியைத் தாண்டும் வீட்டில் என்னதான் நடக்கிறது?

கேள்வி: வீட்டு இணையத்தில் மாதம் 3,300 ஜிபியைத் தாண்டுகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா? 'அன்லிமிடெட்' என்று விற்றுவிட்டு இப்படி ஒரு வரம்பு வைத்து, தாண்டினால் வேகத்தைக் குறைப்பதில் என்ன கணக்கு?

இருக்கிறோம். போன தை மாதம் நானே தாண்டினேன், பில் மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போதே.

மதுரையில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். கேமராமேன் திருநெல்வேலியில், கலர் பார்க்கும் நண்பர் சென்னையில். 4கேயில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) பிட்ரேட் வைத்து எடுத்தால் ஒரு மணி நேர வீடியோ 45 ஜிபி. இரண்டு கேமரா, ஒவ்வொன்றிலும் ஐந்து மணி நேரம் என்றால் ஒரு கல்யாணத்துக்கு 450 ஜிபி. அது என்னிடம் வந்து இறங்கும்போது ஒரு தடவை, நான் சென்னைக்கு ஏற்றும்போது இன்னொரு தடவை. என் திட்டத்தில் அப்லோடும் வரம்பில் சேரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆக, மூன்று முகூர்த்தத்துக்கே 2,700 ஜிபி. மீதியில் பெரும்பகுதியை அப்பாவின் யூடியூப் பட்டிமன்றமும் பையனின் கேம் அப்டேட்டும் முடித்துவைத்தன.

நாலாவது கல்யாணம் என்னிடம் பாதி வந்துகொண்டிருக்கும்போது வேகம் 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது. அந்த வேகத்தில் ஒரு கல்யாணத்தின் 450 ஜிபி வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 42 நாள். ஒரு மண்டலத்துக்கு ஆறு நாள்தான் குறைவு. (வரம்பு தாண்டினாலும் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே இறக்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016இல் சொல்லியிருக்கிறது. அந்த வகையில் எனக்குக் கொடுத்தது தாராளம்தான்!)

கஸ்டமர் கேரில் பெரிய திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். அப்புறம் எங்கள் ஏரியாவுக்கு லைன் இழுத்துத் தந்த கேபிள்கார அண்ணனைப் பிடித்தேன். அவர் மேலே ஒரு பெரிய கம்பெனியிடம் மொத்தமாக இணையம் வாங்கி எங்களுக்குப் பிரித்து விற்பவர். தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு நாள் முழுக்க ஏரியாவின் டேட்டா எப்படி ஓடுகிறது என்று காட்டும் பச்சைக் கோடு. விடியற்காலை நாலு மணிக்குத் தரையோடு படுத்துக் கிடக்கிறது. சாயங்காலம் ஏழரைக்கு மேல் ஏறத் தொடங்கி, ஒன்பதரைக்கு உச்சி. நள்ளிரவை நெருங்கும்போது சரிவு. ஐபிஎல் நாளில் அந்த உச்சி இன்னும் உயரமாம்.

"தம்பி, எனக்கு யாரும் ஜிபி கணக்குல பில் போடறதில்ல. இந்த உச்சி எவ்வளவு உயரம்னுதான் பாக்கறான். நாலு மணிக்கு நீ எவ்வளவு இழுத்தாலும் எனக்குப் பத்து பைசா கூடாது. எல்லாரும் சேர்ந்து ஒன்பதரைக்கு இழுத்தாத்தான் நான் மேல கூடுதலா வாங்கணும்."

உங்கள் கேள்விக்கான விடை இதில்தான் இருக்கிறது. மொத்த விற்பனையில் இணையத்துக்கு விலை வைப்பது வேகத்தின் அளவில். பல இடங்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து, மாதத்தில் மிக உயர்ந்த 5 சதவீத அளவுகளைத் தள்ளிவிட்டு, அதற்கு அடுத்த உயரத்துக்குப் பணம் கேட்பார்கள். உங்கள் தெருவுக்குள்ளும் இதே கதைதான். ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரித்துத் தரும் ஜிபான் முறையில் ஒரு ஃபைபர் போர்ட்டுக்கு இறங்கு வேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ். அதை 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரிப்பார்கள். 64 வீட்டுக்கும் 100 எம்பிபிஎஸ் விற்றால் 6.4 ஜிபிபிஎஸ் ஆகிறதே என்று கேட்கலாம். எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. கல்யாண மண்டபத்தில் பந்திக்கூடம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை ரிசப்ஷன் அன்று இரவு எட்டரை மணிக் கூட்டம்தான் முடிவு செய்கிறது. மதியம் மூன்று மணிக்குத் தனியாக வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவரால் கூடத்தைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் மாதம் முழுக்கச் சேர்த்து எண்ணும் ஜிபி வரம்பு தவறான இடத்தில் அளக்கிறது. 3,300 ஜிபியை மாதம் முழுக்கச் சீராகப் பரப்பினால் வெறும் 10 எம்பிபிஎஸ் சொச்சம். ராத்திரி ஒன்பதரைக்கு 4கே படம் பார்க்கும் வீடு பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே இழுக்கும். அவர்கள் மாதம் 3,300 ஜிபியை நெருங்கவே மாட்டார்கள், ஆனால் உச்சியை ஏற்றுவது அவர்கள்தான். பழைய பிஎஸ்என்எல் திட்டங்கள் சிலவற்றில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது, ஞாபகம் இருக்கிறதா? அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்ட தலைமுறை நாங்கள். அந்தத் திட்டத்தைப் போட்டவருக்கு இந்தக் கோடு நன்றாகவே புரிந்திருக்கிறது.

பிறகு எதற்கு வரம்பு? அது நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் 2020 மார்ச்சில் கோவிட் வந்ததும் வரம்பைத் தற்காலிகமாக எடுத்தது. ஊரே வீட்டில் உட்கார்ந்து பயன்படுத்தியும் நெட்வொர்க் தாங்கியது. ஜூலையில் வரம்பு 1.2 டிபியாக (சுமார் 1,200 ஜிபி) திரும்பி வந்தது. அப்போது அதற்கு மேல் ஒவ்வொரு 50 ஜிபிக்கும் 10 டாலர், அதிகபட்சம் 100 டாலர் வாங்கினார்கள். அங்கே அது வரும்படிக்கு ஒரு வழியாக இருந்தது. தவிர, கேபிள் டிவியும் விற்கும் கம்பெனிக்கு ஓடிடி பக்கம் ஓடும் வாடிக்கையாளரை இழுத்துப் பிடிக்க ஒரு கயிறாகவும் இருந்தது.

நம் ஊரில் கூடுதல் பில் போடாமல் வேகத்தைத்தான் குறைக்கிறார்கள். காரணமும் வேறு. அண்ணன் ஒளிக்காமல் சொன்னார்: ஒரு இணைப்பு வாங்கி ஹாஸ்டல் முழுக்க ரவுட்டர் போட்டு விற்கிறவர்கள், வீட்டுத் திட்டத்தில் கடை நடத்துகிறவர்கள், இவர்களைச் சலித்தெடுக்கும் சல்லடை அது. "உன்னை மாதிரி ஆளுக்குத்தான் தம்பி" என்று சிரித்தார். கோபம் வந்தாலும் மறுக்க முடியவில்லை. வீட்டு விலையில் ஸ்டூடியோ நடத்துகிறவன்தானே நான். எனக்கு உறுத்துவது 'அன்லிமிடெட்' என்ற சொல் மட்டும்தான். 3,300 என்ற எண்ணை விளம்பரத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தால் இந்தப் பதிலே எழுதியிருக்க மாட்டேன்.

மொட்டை மாடியில் பெட்டி வைத்துத் தரும் 5ஜி வீட்டு இணைப்புகளில் வரம்பு இதைவிடக் குறைவாக இருக்கும். அதை நான் அவ்வளவாகக் குறை சொல்ல மாட்டேன். அலைக்கற்றை ஏரியாவுக்கே பொது. ஃபைபரில் இன்னொரு போர்ட் போடுவது போல டவரில் நினைத்தவுடன் கூட்ட முடியாது.

இப்போது அப்லோடுகளை ராத்திரி ஒரு மணிக்கு மேல் ஓடும்படி வைத்திருக்கிறேன். வரம்பில் அதனால் ஒரு ஜிபிகூட மிச்சமாகாது. அண்ணனுக்காகத்தான். இன்று தேதி 19, மீட்டரில் 2,140 ஜிபி, கையில் இன்னும் இரண்டு கல்யாணம். அதில் ஒன்றின் ஹார்ட் டிஸ்க் திருநெல்வேலியிலிருந்து பஸ் பார்சலில் வந்துகொண்டிருக்கிறது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கிவர வேண்டும்.