நூற்றில் எட்டு வீடுகளில்தான் கார்: அதை நம்பி முதலீடு செய்யலாமா?

கேள்வி: என் வயது 41. மகளின் மேற்படிப்புக்கு இன்னும் 12 ஆண்டுகள் உள்ளன. இந்தியாவில் நூற்றுக்கு எட்டு வீடுகளில்தான் கார் இருப்பதால் இனி வளர்ச்சிதான் என்கிறார் நண்பர். கையிலுள்ள ரூ.8 லட்சம் முழுவதையும் வாகனத் துறை மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா? - வாசகர், ஈரோடு

பதில்: நண்பர் சொல்லும் கணக்கு சரியே. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி 7.5 சதவீத வீடுகளில் கார் இருந்தது. 2015-16இல் அது 6 சதவீதம். ஆனால், இடம் காலியாக இருக்கிறது என்பதாலேயே அது நாம் எதிர்பார்க்கும் வேகத்தில் நிரம்பிவிடாது. அரசும் வாகன உற்பத்தியாளர்களும் சேர்ந்து வகுத்த 2016-26 வாகனத் துறைத் திட்டம், 2026இல் பயணிகள் வாகனங்களின் (கார், எஸ்யூவி போன்றவை) உற்பத்தி எண்ணிக்கை ஆண்டுக்கு 94 லட்சத்துக்குக் குறையாது என்று கணித்தது. 2024-25இல் உற்பத்தியானவையோ, ஏற்றுமதியையும் சேர்த்து, ஏறத்தாழ 50 லட்சம்தான். 2018-19இல் சுமார் 34 லட்சமாக இருந்த உள்நாட்டு விற்பனை, கொரோனாவுக்கு முன்பே சரியத் தொடங்கி 27 லட்சம் வரை இறங்கியது. பழைய உச்சத்தைத் தாண்ட 2022-23 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

யார் வாங்குகிறார்கள் என்பதையும் பாருங்கள். 2024-25இல் விற்ற 43 லட்சம் வண்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு எஸ்யூவி போன்ற பெரிய வண்டிகள். 2020இல் வந்த பிஎஸ்-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதியும் பாதுகாப்பு விதிகளும் சிறிய காரின் விலையை ஏற்றியதால், பைக்கிலிருந்து முதல் காருக்கு மாறவிருந்த குடும்பங்கள் பலவும் தயங்கி நின்றுவிட்டன. ஆகவே, விற்பனை கூடினாலே புதிய வீடுகளுக்குக் கார் போகிறது என்று பொருள் கொள்ள முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பண்டிகைக் காலம் கழிந்த பிறகும் சிறிய கார்களின் விற்பனை நிலைக்கிறதா என்பதே, என் பார்வையில், எந்த நீண்டகாலக் கணிப்பையும்விட நம்பகமான அறிகுறி.

கணிப்பு பலித்தாலும் லாபம் உறுதியில்லை, ஏனெனில் எல்லோருக்கும் தெரிந்த வளர்ச்சி பங்கு விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கும். துறை சார்ந்த ஃபண்ட், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி, 80 சதவீதத்தையாவது அந்தத் துறையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதால், சரிவு வரும்போது மேலாளர் நினைத்தாலும் முழுதாக விலக முடியாது. படிப்புச் செலவோ துறையின் நல்ல காலம் பார்த்து வருவதில்லை. எனவே ரூ.80 ஆயிரத்துக்கு மேல் இதில் வேண்டாம். அதையும் எஸ்ஐபி (மாதத் தவணை) முறையில் இரண்டு ஆண்டுகளில் பிரித்துப் போடுங்கள். மீதியை, பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டிலோ, பெரிய, நடுத்தர, சிறிய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் முதலிடும் ஃப்ளெக்ஸிகேப் ஃபண்டிலோ வைத்து, கல்லூரிக்கு மூன்று ஆண்டுகள் இருக்கும்போது, கடன் பத்திரங்களில் முதலிடும் கடன் ஃபண்டுக்குப் படிப்படியாக மாற்றத் தொடங்குங்கள்.