இலவசமாக வந்த பாய்தான் என் படகில் அதிகச் செலவு வைத்தது

கேள்வி: குறைந்த செலவில் வீட்டிலேயே சிறிய பாய்மரப் படகு கட்ட முடியுமா? உடலைக் கட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. பாய், பாய்மரம், கயிறு ஆகியவற்றை மலிவாக எப்படி அமைப்பது?

முடியும். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், பிளைவுட் தாள்களை ஏற்கெனவே வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, பாயைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் செய்தேன், அதற்கான விலையையும் கொடுத்தேன் என்பதால்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் படகு வடிவமைப்பாளன் அல்லன். என் வாழ்நாளில் கட்டியது ஒரே ஒரு படகு. பந்தயப் படகு ஓட்டுபவர்களுக்கு இங்கே நான் சொல்லும் சில வழிகள் சிரிப்பை வரவழைக்கலாம். அவர்களுடைய பாய்த்துணிக்கு ஆகும் செலவில் என் படகு முழுவதையும் கட்டி வண்ணமும் பூசிவிடலாம் என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். தார்ப்பாயில் பாய் தைப்பது ஏமாற்று வேலை என்று எழுத நினைப்பவர்கள், ஒருமுறை தைத்துப் பார்த்துவிட்டு எழுதலாம்.

வீட்டில் படகு கட்டுவது ஏதோ கிறுக்கர்களின் வேலை என்று நினைப்பவர்களுக்காக இரண்டு செய்திகள். இன்று உலகெங்கும் சிறுவர்கள் ஓட்டப் பழகும் ஆப்டிமிஸ்ட் படகை 1947இல் கிளார்க் மில்ஸ் வரைந்தபோது, சாதாரண மனிதர்கள் பிளைவுட் வாங்கி மலிவாகக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். 1963இல் வந்த மிரர் படகின் பிளைவுட் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, உள்மூலைகளில் கண்ணாடியிழைப் பட்டையும் பிசினும் வைத்து ஒட்டிவிடலாம். அவ்வகைப் படகுகள் 70,000க்கும் மேல் கட்டப்பட்டன. அந்த இரண்டாவது முறையைத்தான் நானும் பின்பற்றினேன். வளைந்த சட்டங்களை ஆவியில் வேகவைத்து வளைக்கும் வித்தையெல்லாம் அதற்குத் தேவையில்லை.

உடலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அது எளிய பகுதி. 6 மில்லிமீட்டர் பிளைவுட் நான்கு தாள்களில் ஏறத்தாழ 12 அடி நீளப் படகு எழும்பியது. பிஎஸ் 1088 என்னும் பிரிட்டிஷ் தர முத்திரை உள்ள கடல் பிளைவுட் வாங்க என்னிடம் பணமில்லை. நீர் தாங்கும் பசையில் செய்த வெளிப்புறப் பிளைவுட்டை வாங்கினேன். வாங்குவதற்கு முன் ஒரு சிறு துண்டைக் கேட்டு வாங்கி வந்து, ஒரு மணி நேரம் கொதிக்கும் நீரில் போட்டு, உலர்த்தி, மீண்டும் கொதிக்க வைத்தேன். முதலில் சோதித்த துண்டு புத்தகம் போல ஏடு ஏடாகப் பிரிந்தது. இரண்டாவது கடையின் துண்டு அப்படியே நின்றது. எபாக்சி என்னும், இரு பகுதிகளைக் கலந்து இறுகவிடும் பிசினை மூட்டுகளுக்கும் அடிப்பகுதிக்கும் மட்டும் செலவிட்டேன். மற்ற இடங்களுக்கு வீட்டு வெளிக்கதவுக்குப் பூசும் எனாமல் வண்ணமே போதுமானதாக இருந்தது, ஏனெனில் என் படகு நீரிலேயே கிடப்பதில்லை, ஓட்டி முடித்ததும் கரையேறிவிடும். எபாக்சியைக் குவளை நிறையக் கலந்து பேசிக்கொண்டு நிற்காதீர்கள். அது தன் சூட்டிலேயே கொதித்துப் புகையத் தொடங்கும். அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி வைத்தால் நிதானமாக இறுகும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

இனி என் புண்ணுக்கு வருகிறேன்.

நான் வாங்கிய வரைபடத்தில் இருந்தது நாற்கோணப் பாய். அதன் மேல்விளிம்பைப் பருமல் என்னும் சாய்ந்த கழியும், கீழ்விளிம்பை அடிக்கழியும் தாங்கும். இரண்டுமே பாய்மரத்தைத் தாண்டிச் சற்று முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். அதாவது பாயின் ஒரு பகுதி மரத்துக்கு முன்னாலும் பெரும்பகுதி பின்னாலும் இருக்கும். பார்ப்பதற்குப் பழைய காலத்துப் படகு போலத் தெரியும், அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில், படகு வைத்திருந்த நண்பர் ஒருவர், தாம் கழித்துப் போட்ட முக்கோணப் பாயொன்றை இலவசமாகக் கொடுத்தார். நல்ல பாலியஸ்டர் துணி, முறையான தையல், மூலைகளில் பித்தளை வளையங்கள். இலவசம் என்ற சொல் அறிவை எப்படி மழுங்கடிக்கும் என்பதை அன்று கற்றேன்.

முக்கோணப் பாய்க்கு உயரமான மரம் வேண்டும். வரைபடத்தில் இருந்த குட்டையான மரம் எந்தத் தாங்கு கம்பியும் இல்லாமல் தன் பலத்தில் நிற்பது; உயரமான மரமோ அப்படி நிற்காது. ஆகவே மூன்று தாங்கு கம்பிகள், அவற்றை இறுக்கும் திருகுகள், படகின் விளிம்பில் அவற்றைப் பிணைக்கும் எஃகுப் பட்டைகள், அந்தப் பட்டைகள் பிய்ந்து வராமல் இருக்க உள்ளே கூடுதல் மரக்கட்டைகள் என்று ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டே போனது. எல்லாவற்றையும் துருப்பிடிக்காத எஃகில் வாங்க வேண்டியிருந்தது. கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, இலவசப் பாயை ஏற்றுவதற்கான பொருள்களின் செலவு நான்கு பிளைவுட் தாள்களின் விலையைத் தாண்டியிருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. மரத்தை நிறுத்தும் இடத்தை நான் மாற்றவில்லை என்பதுதான் உண்மையான தவறு. நாற்கோணப் பாய்க்காகக் குறித்த இடத்தில், மொத்தமாக மரத்துக்குப் பின்னால் விரியும் முக்கோணப் பாயை ஏற்றினேன். காற்று பாயின் மீது எங்கோ ஓரிடத்தில் குவிந்து தள்ளுவதாகக் கொள்ளலாம். அதைப் பாயின் மையம் என்பார்கள். படகு பக்கவாட்டில் நழுவாமல் நீருக்குள் எதிர்த்து நிற்பதற்கும் ஒரு மையம் உண்டு. அது பெரும்பாலும் நடுவில் செங்குத்தாக இறக்கும் கீழ்ப்பலகையை ஒட்டியே அமையும். மேல் மையம் கீழ் மையத்துக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ இருந்தால் படகு சொன்னபடி கேட்கும். என் படகில் மேல் மையம் ஏறத்தாழ ஓர் அடி பின்னுக்குப் போய்விட்டது. 12 அடிப் படகில் ஓர் அடி சிறிய பிழையல்ல.

நடந்தது இதுதான். கரையிலிருந்து தள்ளிய மறுநிமிடமே படகின் அணியம், அதாவது முன்முனை, காற்று வரும் திசையை நோக்கித் தானாகத் திரும்பியது. சுக்கான் பிடியை என் பக்கம் முழுப்பலத்தோடு இழுத்துப் பிடித்தால்தான் நேராகப் போகும் என்ற நிலை. பாய் உயரமாக இருந்ததால் படகு சாய்ந்தது. சாயச் சாயத் திரும்பும் வேகமும் கூடியது. ஒரு பலத்த காற்று வீசியபோது, சுக்கானைப் பின்பலகையோடு பிணைத்திருந்த கீல்களில் மேலே இருந்தது திருகுகளோடு பிய்ந்து வந்துவிட்டது. அந்த இடத்தில் போல்ட் போட்டுப் பின்னால் பட்டை வைத்து முடுக்காமல், மிச்சம் பிடிக்கிறேன் என்று சிறிய மரத்திருகுகளால் பிணைத்திருந்தேன். படகு காற்றுக்கு முகம் காட்டி நின்று, பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, துடுப்பு போட்டுக் கரை சேர்ந்தேன். அன்று கரையில் நின்றவர்களின் எண்ணிக்கையை நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை.

இதில் நண்பரை நான் குறை சொல்லவில்லை. அவர் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார். ஆனால் அதே வாரம், ஒட்டும்போது பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் என் கிளாம்புகளில் ஆறை இரவல் வாங்கிப் போனவர், இன்றுவரை திருப்பித் தரவில்லை. படகு கட்டுபவனிடம் கிளாம்பு கேட்பது எழுதுபவனிடம் பேனா கேட்பது போலத்தான். எத்தனை இருந்தாலும் ஒட்டும் நேரத்தில் இரண்டு குறையும். பின்பலகையின் உள்சட்டத்தை ஒட்டும்போது செங்கற்களையும் வண்ண டப்பாக்களையும் பாரமாக வைத்து ஒப்பேற்ற வேண்டியிருந்தது.

பிறகு வரைபடத்துக்கே திரும்பினேன். இந்தமுறை முதலில் செய்தது அட்டை வேலை. பாயின் வடிவத்தை அளவு குறைத்து அட்டையில் வெட்டி, ஊசிமுனையில் நிறுத்திச் சமநிலை காணும் இடத்தைக் குறித்தால் அதுவே பாயின் மையம். நீருக்குள் இருக்கும் பக்கத்தோற்றத்தையும் கீழ்ப்பலகையோடு சேர்த்து வெட்டி அவ்வாறே குறிக்கலாம். பத்து நிமிட வேலை. இதை முதலிலேயே செய்திருந்தால் என் தாங்கு கம்பிகள் இன்று சாமான் அறையில் சுருண்டு கிடந்திருக்காது.

பாய்மரத்தை முடிச்சில்லாத, நேரான இழையுள்ள இரண்டு சாதாரணப் பலகைகளை ஒட்டிச் செய்தேன். சதுரக் கழியை உருண்டையாக இழைக்க ஒரு பழைய கணக்கு உண்டு: ஒவ்வொரு முகத்தின் அகலத்தையும் 7, 10, 7 என்ற விகிதத்தில் பிரித்துக் கோடிட்டு, மூலைகளைக் கோடுவரை இழைத்தால் எட்டுப் பட்டை கிடைக்கும், பிறகு பதினாறு, பிறகு உப்புத்தாள். மரக்கடையில் பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வெட்கப்படாதீர்கள். ஒரு முடிச்சு எங்கே இருக்கிறதோ அங்கேதான் மரம் முறியும்.

பாய்க்கு வெள்ளைத் தார்ப்பாய். ஏறத்தாழ 65 சதுர அடி. தட்டையான தார்ப்பாயை அப்படியே கட்டினால் அது பலகைபோல நிற்கும். காற்றுக்கு எதிராக ஏறிச் செல்ல அதற்கு வயிறு, அதாவது உப்பலான வளைவு, வேண்டும். அதற்காக, மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் நேர்கோட்டில் வெட்டாமல் இரண்டு மூன்று அங்குலம் வெளிநோக்கி வளைத்து வெட்ட வேண்டும். அந்த வளைவை நேரான கழியில் கட்டியதும் மிகுதித் துணி உள்ளே தள்ளப்பட்டு வயிறாக மாறுகிறது. விளிம்புகளை மடித்து இருபக்கப் பசைநாடாவால் ஒட்டிவிட்டு, பிறகு கோணல்மாணல் தையல் போட்டால் துணி நழுவாது. மூலைகள்தான் முதலில் கிழியும். அங்கே மூன்று நான்கு அடுக்கு ஒட்டு வேண்டும். அந்த ஒட்டுகளை நண்பரின் முக்கோணப் பாயை வெட்டித்தான் போட்டேன். கடைசியில் அது பயன்பட்டது. தார்ப்பாய் வெயிலில் நலிந்துவிடும் என்பது உண்மை. அதனால்தான் ஓட்டி முடித்ததும் சுருட்டி உறையில் போட்டுவிடுகிறேன். நைந்துபோனால் அதையே மாதிரியாக விரித்து இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம்.

கயிறுகள் மூன்றுதான்: பாயை ஏற்றும் ஆஞ்சான், பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான், அடிக்கழியின் முன்பகுதியைக் கீழே இழுத்து இறுக்கும் கயிறு. மூன்றாவதைப் புதியவர்கள் அலட்சியம் செய்வார்கள். அது தளர்ந்திருந்தால் பருமலின் பின்முனை தொங்கி, பாயில் குறுக்குச் சுருக்கம் விழுந்து, படகு காற்றுக்கு எதிராக ஏறவே மறுக்கும். கப்பி வாங்காமலே, கயிற்றில் கண்ணி போட்டு அதன்வழி இருமுறை சுற்றி இழுத்தால் போதிய இறுக்கம் கிடைக்கும். ஆஞ்சானுக்கு நைலான் வேண்டாம். அது இழுபடும், ஏற்றிய பாய் சிறிது நேரத்தில் தொய்ந்து நிற்கும். 6 மில்லிமீட்டர் பாலியஸ்டர் கயிறு போதும். நைலானின் அந்த இழுபடும் குணம் நங்கூரக் கயிற்றுக்குத்தான் நல்லது. பருமலை மரத்தோடு அணைத்து வைக்க உலோக வளையம் தேவையில்லை, ஒரு கயிற்று வளையம் போதும். இந்த வகைப் பாயில் இன்னொரு வசதி உண்டு: படகு காற்றை நோக்கித் திரும்ப முனைந்தால் பாயை முழுவதுமாகச் சில அங்குலம் முன்னுக்கு நகர்த்திக் கட்டிப் பார்க்கலாம். அதற்கு ஒரு காசும் ஆகாது.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள்: பிளைவுட்டின் பசை, எபாக்சி, சுக்கான் கீல்கள், உயிர்காப்பு அங்கி. இருக்கைகளுக்கு அடியில் மூடிய பெட்டிகளையோ, இறுக்கி மூடிய காலிப் புட்டிகளையோ வைத்துக் கட்டுங்கள். அடைபட்ட ஒவ்வொரு லிட்டர் காற்றும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தாங்கும். எவ்வளவு வேண்டும் என்ற கணக்கைக் காகிதத்தோடு விட்டுவிடாமல், காற்றில்லாத ஒரு நாளில், இடுப்பளவு நீரில், படகை வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, ஏறி உட்கார்ந்து, நீரை இறைத்துப் பாருங்கள். என் படகு முதல்முறை நிமிர்ந்தபோது ஒரு பக்கமாகவே சாய்ந்து மிதந்தது. ஒரு பெட்டியின் மூட்டில் ஊசித்துளை இருந்திருக்கிறது. அந்தச் சோதனையின்போது கரையில் உதவிக்கு ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள், கிளாம்பு இரவல் கேட்காதவராக இருந்தால் நல்லது.