நிறத்தைப் பார்க்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள்

பட்டறைக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, த்ரீவீலருக்கு ஸ்டிக்கர் வெட்டிக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். கட்டர் மெஷினில் கத்தித் தலையை இழுக்கும் மோட்டாரின் வெள்ளை பிளக் கருகிப் போனது. அதை வெட்டி எறிந்துவிட்டு, சிவப்புக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம் என்று நான்கு வயரையும் முறுக்கி டேப் சுற்றினேன். இப்போது மோட்டார் ‘ர்ர்ர்’ என்று நடுங்குகிறது, தலை நகரவில்லை. மோட்டார் போய்விட்டது, புதிது போடு என்கிறார்கள்.
– ஸ்டிக்கர் கடைக்காரர், ஹட்டன்

பதில்: காசை எடுக்காதீர்கள் தம்பி, முதலில் மீட்டரை எடுங்கள். உங்களுடையது நான்கு வயர் ஸ்டெப்பர் மோட்டார். உள்ளே இரண்டு காயில், அதாவது கம்பிச் சுருள்; ஒரு காயிலுக்கு இரண்டு வயர். மெஷினுக்குள் இருக்கும் சர்க்கிட் போர்டு இந்த இரண்டுக்கும் மாற்றி மாற்றிக் கரண்ட் கொடுத்துத்தான் தண்டைப் படிப்படியாகத் திருப்புகிறது. பெரும்பாலான மோட்டார்களில் ஒரு படி 1.8 பாகை, முழுச் சுற்றுக்கு 200 படி. ஒரு காயிலின் வயர் மற்றக் காயிலோடு மாறிப் போனால் தண்டு நின்ற இடத்திலேயே உதறும். ஒரு காயிலுக்குக் கரண்ட் போகாவிட்டாலும் இதே உதறல்தான். ஆகவே சத்தத்தை மட்டும் கேட்டு மோட்டாருக்கு மரணச் சான்றிதழ் எழுத முடியாது.

நிறம் பார்த்துச் சேர்த்தேன் என்கிறீர்கள். வில்லங்கமே அங்கேதான். மோட்டாரின் வயரைப் போட்டது ஒரு கம்பனி, போர்டுக் கேபிளைப் போட்டது இன்னொரு கம்பனி. இரண்டிலும் அதே நான்கு நிறம் இருக்கும், ஒழுங்கு ஒன்றாக இருக்காது. எறிந்த பிளக்குக்குள் சிவப்புக்கு எதிரே பச்சை இருந்ததா, கறுப்பு இருந்ததா, யார் கண்டது? இனிமேல் எதையும் வெட்டுமுன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

சரி, மெஷினை அணைத்து, சுவர் சொக்கட்டிலிருந்தும் கழற்றிவிட்டு, முறுக்கிய நான்கையும் பிரியுங்கள். மல்டிமீட்டரை ‘பீப்’ சத்தம் வருகிற இடத்தில் வைத்து, மோட்டார் பக்கத்து வயர்களை இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். சத்தம் வருகிற இரண்டும் ஒரு ஜோடி. மிச்சம் இரண்டும் ஒரு ஜோடியாகச் சத்தம் தர வேண்டும். அப்புறம் மின்தடை அளக்கும் ஓம் பக்கம் திருப்பி அளந்தால், இரண்டு ஜோடிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வரும். இந்தப் பருமன் மோட்டாரில் பெரும்பாலும் சில ஓம்தான். ஒரு ஜோடி மட்டும் எதுவுமே காட்டாவிட்டால், வயரை மோட்டாரின் அடிவரை ஆட்டிப் பாருங்கள். அப்போதும் காட்டாவிட்டால்தான் புது மோட்டார் பேச்சு.

மீட்டர் இல்லையா? பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, ஏதாவது இரண்டு வயர் நுனிகளை ஒன்றோடொன்று தொடவைத்து, தண்டை விரலால் சுற்றுங்கள். ஒரே காயிலின் வயர்கள் என்றால் தண்டு சட்டென்று இறுகும். வேறு வேறு காயில் என்றால் முன்போலவே சுற்றும். காசில்லாத சோதனை, ஏமாற்றாது.

போர்டில் ஏ+, ஏ-, பி+, பி- என்று அச்சடித்திருந்தால் ஒரு ஜோடி ஏ பக்கம், மற்றது பி பக்கம். போட்டுப் பார்க்கும்போது ஒரு கை சுவிட்சிலேயே இருக்கட்டும். தலை எதிர்ப்பக்கம் ஓடினால் பதறாமல் அணைத்துவிட்டு, ஒரு ஜோடியின் இரண்டு வயரை மட்டும் இடம் மாற்றுங்கள்; திசை திரும்பிவிடும்.

டேப் சுற்றிய முறுக்கை மட்டும் விட்டுவைக்காதீர்கள். தலை ஓட ஓட அது தளரும். ஓட்டத்தில் ஒரு வயர் கழன்றால், காயிலில் ஓடிய கரண்ட் திடீரென அறுபட்டு வோல்டேஜ் எகிறும், போர்டில் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சிப் போய்விடும். மோட்டாரைவிட அந்த போர்டுதான் உங்களுக்குப் பெரிய செலவு.

கருகிய பிளக்குக்குப் பதிலாகப் புது கிளிப் வாங்கும்போது ‘நான்கு பின் வெள்ளை கிளிப்’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். முதல் பின்னின் நடுவிலிருந்து நான்காவது பின்னின் நடு வரை அளந்து பாருங்கள். 7.5 மில்லிமீட்டர் என்றால் எக்ஸ்எச் வகை, 6 மில்லிமீட்டர் என்றால் பிஎச் வகை. ஒன்று மற்றதில் ஏறாது. யாராவது கொழும்பு போனால் புறக்கோட்டையில் வாங்கி வரச் சொல்லுங்கள், ஆண் பெண் இரண்டு பாதியும் சேர்த்து. ஒரு பாதி கருகியது என்றால் மற்றப் பாதியின் பின்னும் சூட்டில் கெட்டிருக்கும். பழையதோடு புதியதைக் கோர்த்தால் மறுபடியும் கருகும்.

வயரை வெட்டியதும் செம்பின் நிறத்தைப் பாருங்கள். நம் ஊர் மூடுபனிக்கும் மழைக்கும் உள்ளே பச்சையோ கறுப்போ பூத்திருக்கும். பளிச்சென்ற செம்பு வரும்வரை பின்னோக்கி வெட்டி, 2 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் தோலை உரியுங்கள். வயர் நுனியில் மாட்டி கிளிப்புக்குள் தள்ளும் சின்ன உலோகத் துண்டுதான் டெர்மினல். அதற்கு இரண்டு ஜோடிக் காது இருக்கும். முன்காது வெறும் செம்பைப் பிடிக்க, பின்காது தோலைப் பிடிக்க. நிறையப் பேர் இரண்டையும் செம்பின் மேலேயே மடக்கிவிடுகிறார்கள். பிறகு வயர் ஆடுகிற ஆட்டமெல்லாம் அந்த மெல்லிய இழைகளின் தலையில்தான் விழும். மடக்கியதும் இழுத்துப் பாருங்கள், வந்துவிட்டால் அது வேலை இல்லை. டெர்மினலின் முதுகில் உள்ள சின்ன நாக்கு கிளிப்பின் ஜன்னல் பக்கம் பார்க்கத் தள்ளினால் ‘டிக்’ என்று உட்காரும். இடம் மாறிப் போட்டுவிட்டால் ஜன்னல் வழியாக ஊசியால் நாக்கை அமுக்கி, வயரை இழுத்தால் கழன்று வரும். இதற்கும் வெட்டத் தேவையில்லை.

கேள்வி: ஐயா, பாடசாலைக் கண்காட்சிக்கு மேல் கொத்மலை அணைக்கட்டின் வான்கதவு போல ஒரு மாதிரி செய்கிறேன். நீல நிறச் சின்ன மோட்டார், ஐந்து வயர். பச்சை போர்டில் விளக்குகள் மின்னுகின்றன, மோட்டார் நடுங்குகிறது, கதவு ஏறவில்லை. கிளிப்பில் வயரை மாற்றிக் குத்தட்டுமா?
– மாணவி, தலவாக்கலை

பதில்: கிளிப்பைத் தொடாதே மகள். அது 28பிவைஜே-48 மோட்டார், போர்டில் இருப்பது யூஎல்என்2003 சிப். அந்தக் கிளிப் போர்டுக்கென்றே செய்தது, ஒரு பக்கமாகத்தான் ஏறும். கோளாறு, மோட்டாருக்குக் கட்டளை கொடுக்கும் சின்னக் கணினி போர்டான உன் ஆர்டுயினோவின் புரோகிராமில் இருக்கும். பச்சை போர்டின் நான்கு உள்ளீடுகளையும் ஆர்டுயினோவின் 8, 9, 10, 11 பின்களில் வரிசையாகக் குத்தியிருப்பாய், புரோகிராமிலும் அதே வரிசையில் எழுதியிருப்பாய். ஆர்டுயினோவோடு வருகிற ஸ்டெப்பர் லைப்ரரிக்கு (முன்பே எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு) 8, 10, 9, 11 என்று நடு இரண்டையும் மாற்றி எழுத வேண்டும். உள்ளே பல்சக்கரம் இருப்பதால் முழுச் சுற்றுக்கு 2048 படி என்று கொடு. வேகத்தைக் குறைத்தே வை, கதவு மெதுவாக ஏறினால்தான் பார்க்கவும் அழகு.

வயரைச் சரிபார்க்க ஆசையென்றால், சிவப்புதான் பொது வயர். சிவப்புக்கும் மற்ற எந்த ஒன்றுக்கும் இடையில் வருகிற ஓம், சிவப்பில்லாத எந்த இரண்டுக்கும் இடையில் வருவதில் பாதியாக இருக்க வேண்டும்.

கேள்வி: முப்பரிமாண பிரிண்டரில் பெயர்ப்பலகை செய்து விற்கிறேன். புதிதாக வாங்கிய மோட்டாரில் ஆறு பின் சொக்கட், போர்டில் நான்கு பின். ரெடிமேட் கேபிள் போட்டும் மோட்டார் உதறுகிறது.
– வாசகி, நுவரெலியா

பதில்: ஆறில் நான்கு பின்தான் வேலை செய்யும், இரண்டாவதும் ஐந்தாவதும் சும்மா. சில மோட்டார்களில் 1-3, 4-6 ஜோடி. சிலவற்றில் 1-4, 3-6. கேபிள் செய்கிறவர்களும் சிலர் நடு இரண்டு வயரைக் குறுக்கே மாற்றுகிறார்கள், சிலர் நேராகவே விடுகிறார்கள். ஹட்டன் தம்பிக்குச் சொன்னபடி மீட்டர் வைத்து மோட்டாரின் ஜோடிகளைக் கண்டுபிடியுங்கள் தங்கச்சி. ஏ4988 டிரைவர் குத்துகிற போர்டு என்றால் பக்கத்துப் பக்கத்து இரண்டு பின் ஒரு காயிலுக்கு. பொருந்தவில்லை என்றால் போர்டுப் பக்கத்துக் கிளிப்பில் நடு இரண்டை மட்டும் ஊசியால் கழற்றி மாற்றுங்கள். பிரிண்டருக்குக் கரண்ட் இருக்கும்போது கேபிளைக் கழற்றவோ குத்தவோ கூடாது.

கேள்வி: கிரிம்ப் பண்ணும், அதாவது டெர்மினல் காதை மடக்கும் குறடு இல்லை. ஈயம் பற்ற வைத்தால் போதாதா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: ஆடாத இடத்தில் போதும். ஓடுகிற தலையோடு போகும் கேபிளுக்குச் சரிவராது: ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைக்க வைக்கும், ஈயம் முடிகிற இடத்தில் ஆடி ஆடி அறுந்துவிடும். ஒரே ஒரு கிளிப்புக்குக் குறடு வாங்கவும் வேண்டாம். கூர்மூக்குக் குறடால் காதுகளை ஒவ்வொன்றாக மடக்கலாம், நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். பழைய பிரிண்டர் எதையாவது குப்பைக்குப் போடுகிறார்கள் என்றால் வாங்கி வையுங்கள். உள்ளே ஸ்டெப்பர் மோட்டார் இருந்தால் வயரையும் கிளிப்பையும் வெட்டாமல் முழுதாகக் கழற்றுங்கள்.