தொட்டி மண்ணில் நெளிவதும் துள்ளுவதும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஹாலில் இருக்கும் மணி பிளான்ட் தொட்டியைத் தொட்டாலே குட்டிக் கறுப்புக் கொசுக்கள் கிளம்புகின்றன. டெங்கு பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், இவை கடிக்காது. சியாரிட் ஈக்கள். சிப்பிக்காளான் வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வண்டி வண்டியாகத் திட்டுவார்கள். ஈரமான மேல்மண்ணில் முட்டையிடும். புழுவின் உடல் கண்ணாடிபோல இருக்கும், தலை மட்டும் கறுப்பு. முக்கியமாகப் பூஞ்சையையும் மட்கையும் தின்னும்; பெருகிவிட்டால் மெல்லிய வேரையும் கடிக்கும். சந்தேகம் இருந்தால் ஓர் உருளைக்கிழங்கு வில்லையை மண்மேல் பதித்து, 2 நாள் கழித்துப் புரட்டிப் பாருங்கள். புழு இருந்தால் அடியில் ஒட்டியிருக்கும்.

முதல் மருந்து, தண்ணீரைக் குறைப்பதுதான். கோகோபீட் (தென்னை நார்த்தூள்) அதிகம் கலந்த தொட்டி மேலே காய்ந்தாற்போல் தெரியும், உள்ளே சொதசொதவென்று கிடக்கும். விரலை விட்டுப் பாருங்கள். ஓர் அங்குல ஆழம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். பறப்பவற்றுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி. முட்டை ஈயாக மாற 3, 4 வாரம் ஆகும் என்பதால் பொறியை ஒரு மாதமாவது எடுக்காதீர்கள்.

அப்படியும் அடங்காவிட்டால் புழுவைக் கொல்லும் பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) பாக்டீரியாவில் ‘இஸ்ரேலென்சிஸ்’ ரகத்தைத் தண்ணீரில் கலந்து மண்ணில் ஊற்றலாம். ரகத்தின் பெயரைப் பார்த்து வாங்குங்கள். வெறுமனே பி.டி. என்று கேட்டால் காய்ப்புழுவுக்கு அடிக்கும் ‘குர்ஸ்டாகி’ கைக்கு வரும்; ஈப்புழுவுக்கு அது உதவாது.

தண்ணீர் ஊற்றியதும் மண்ணிலிருந்து வெள்ளைப் பொடிப் பூச்சிகள் துள்ளுகின்றனவே?

ஸ்பிரிங்டெயில். அடிவயிற்றில் மடக்கி வைத்திருக்கும் கவைபோன்ற உறுப்பைச் சட்டென்று விடுவித்து எகிறும். மட்கிய இலைதழையும் பூஞ்சையும்தான் சாப்பாடு. விட்டுவிடுங்கள்.

ஜேட் செடியைத் தொட்டி மாற்றும்போது வேரில் வெள்ளைப் பஞ்சு. எறும்பும் இருக்கிறது.

இதைத்தான் கவனிக்க வேண்டும், வேர் மாவுப்பூச்சியாக இருக்கலாம். மண்ணில் கலக்கும் வெள்ளைக் குருணையான பெர்லைட் என்றால் நறநறவென்று கெட்டியாக இருக்கும். பூஞ்சை இழை நனைந்தால் படிந்துவிடும். மாவுப்பூச்சியின் பஞ்சோ மெழுகு, தண்ணீர் பட்டாலும் ஒட்டாது. தொட்டியின் உள்சுவரிலும் வெள்ளையாகத் தடவினாற்போல் இருக்கும். எறும்பு வருவது அது சுரக்கும் இனிப்புக்காக. பூச்சியைப் பக்கத்துத் தொட்டிக்குத் தூக்கிப் போவதும் உண்டு.

பழைய மண்ணைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், வேறு செடிக்கு வேண்டாம். வேரைக் கழுவி, மோசமான பகுதியை வெட்டி, ஓரிரு நாள் நிழலில் உலர்த்திப் புது மண்ணில் நடுங்கள். தொட்டியைக் கொதிநீரில் கழுவுங்கள். கொஞ்ச நாள் தனியாக வைத்து, அவ்வப்போது செடியை மண்ணோடு உருவி வேரைப் பாருங்கள்.

வேப்பம் புண்ணாக்கைத் தூவினேன், பூச்சி கூடிவிட்டது. எப்படி?

மேலாகத் தூவி ஈரம் காயாமல் வைத்தால் புண்ணாக்கே பூஞ்சை பிடிக்கும். ஈக்களுக்கு அதுவே விருந்து. டீத்தூள், அரிசி கழுவிய தண்ணீர், வெங்காயத்தோல் எல்லாம் அப்படித்தான். மொட்டைமாடியில் வெயிலும் காற்றும் சமாளித்துவிடும், வீட்டுக்குள் நடக்காது. பூஞ்சை பிடித்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். புண்ணாக்கு போட்டே ஆக வேண்டுமென்றால் அடுத்த முறை மண் மாற்றும்போது கொஞ்சமாக உள்ளே கலந்துவிடுங்கள்.