பழைய நாணயம்: முகமதிப்புக்கு மேல் விலை போகுமா?

கேள்வி: தாத்தா வைத்திருந்த தகர டப்பாவில் பல நாட்டு நாணயங்கள் இருக்கின்றன. சிலவற்றுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. இதேபோன்ற ஒன்றுக்கு இணையத்தில் லட்சக்கணக்கில் விலை போட்டிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது அந்த ரகமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கறுத்துப்போனவற்றைத் தேய்த்து வைக்கட்டுமா?

பதில்: தேய்க்காதீர்கள், துணியால்கூட. வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகத்தால். தானாகப் படிந்த அந்த நிறத்தைப் பலர் விரும்பியே வாங்குகிறார்கள். தேய்த்தால் பளபளப்பு வரும், கூடவே மெல்லிய கீறல்களும் வரும். விவரம் தெரிந்தவர் விளக்கடியில் சாய்த்துப் பார்த்த அடுத்த நிமிடமே விலையைக் குறைத்துவிடுவார்.

வயதை வைத்துக் கணக்குப் போடுவதும் வேண்டாம். நான்காம் நூற்றாண்டு ரோமானிய செப்புக்காசுகள் பல இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. பானை பானையாகப் புதைத்து வைத்தது பானை பானையாகவே வெளியே வருகிறது, வேறென்ன!

முதலில் வெள்ளியைத் தனியாகப் பிரியுங்கள். அமெரிக்க டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்) நாணயங்களில் 1964 வரை ஆண்டு பொறித்தவை 90 சதவீதம் வெள்ளி. பிரிட்டிஷ் ஷில்லிங் 1920-ல் 92.5 சதவீதத்திலிருந்து 50-க்கு இறங்கியது, 1947-ல் வெள்ளியே இல்லாமல் போனது. விக்டோரியா ராணி தலை போட்ட ஒரு ரூபாய் 11.66 கிராம், அதில் சுமார் 92 சதவீதம் வெள்ளி. 1947 ரூபாய் வெறும் நிக்கல். வெள்ளிக்காசு மொட்டையாகத் தேய்ந்திருந்தாலும் உலோக விலை நிச்சயம்.

அதற்கு மேல் கிடைக்குமா என்பதை ஆண்டோடு சேர்த்து, எந்த நாணயச்சாலையில் அச்சானது என்பதும் முடிவு செய்யும். ஆண்டுக்கு அருகில் நாணயச்சாலையின் குறியாக ஒரு புள்ளியோ எழுத்தோ இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். லிங்கன் தலை போட்ட 1909 அமெரிக்க ஒரு சென்ட்டில், வடிவமைத்தவரின் 'வி.டி.பி.' எழுத்துகளோடு பிலடெல்பியாவில் அச்சானவை ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம். சான் பிரான்சிஸ்கோவில் அச்சானவை 4,84,000 மட்டும். அந்தக் குட்டி 'எஸ்' எழுத்துக்குத்தான் அவ்வளவு மதிப்பு.

அப்புறம் தேய்மானம். தலைமுடி, கன்னம், கிரீடம் என்று மேடான இடங்கள்தான் முதலில் தேயும். முடி இழை இழையாகத் தெரிந்தால் நல்ல செய்தி.

இணையத்தில் நீங்கள் பார்த்தது ஒருவர் கேட்கும் விலை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஏலங்களில் அதே ஆண்டு, அதே குறி, அதே அளவு தேய்ந்த நாணயம் எவ்வளவுக்கு விற்றுப்போனது என்று தேடுங்கள். வியாபாரி அதைவிடக் குறைத்துத்தான் கொடுப்பார், அவருக்கும் லாபம் வேண்டுமே. ஆனால் 'லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்பவரிடம் பேச்சே வேண்டாம்.

கேள்வி: என்னிடம் செம்பு நிறத்தில் 1943 அமெரிக்க ஒரு சென்ட் இருக்கிறது. அபூர்வம் என்கிறார்களே?

பதில்: அபூர்வம்தான், அசலாக இருந்தால். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஆண்டு சென்ட்டைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். தவறுதலாக வெண்கலத்தில் அச்சானவை மிகச் சில.

காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் அது செம்பு பூசிய எஃகு, விஷயம் முடிந்தது. ஒட்டாவிட்டாலும் உடனே சந்தோஷப்பட வேண்டாம். 1948 நாணயத்தில் 8-ன் இடப்பக்கத்தைச் சுரண்டி 3 ஆக்குவது பழைய தந்திரம். அசல் 1943-ல் 3-ன் வால் மற்ற எண்களைவிடக் கீழே இறங்கியிருக்கும். எடையும் பாருங்கள்: வெண்கலம் சுமார் 3.1 கிராம், எஃகு சுமார் 2.7. இத்தனையும் சரியாக வந்தால் மட்டும் நாணயங்களுக்குத் தரச்சான்று தரும் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அந்தக் கட்டணம் சும்மா ஆசைக்குச் செலவழிக்கிற அளவுக்குக் குறைவில்லை.