காதுகுத்து, எல்கேஜி, வீடு, கல்யாணம்: எதை முதலில் எடுப்பது?

கேள்வி: நாங்கள் கோவையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு 33 வயது, கைக்கு 58,000 வருகிறது. எனக்கு 30 வயது, 31,000. மகளுக்கு 2 வயது முடிந்துவிட்டது. வாடகை, வீட்டுச் செலவு, ஊருக்கு அனுப்புவது, பைக் கடன் 4,200 (இன்னும் 11 மாதம்), சீட்டு 5,000 (இன்னும் 9 மாதம்) எல்லாம் போக மாதம் 20,000 மிஞ்சும். வங்கியில் 2.4 லட்சம் இருக்கிறது. மகளின் படிப்பு, கல்யாணம், சொந்த வீடு, அடுத்த வருஷம் காதுகுத்து, ஒரு கார் என்று பட்டியல் மட்டும் நீள்கிறது. இப்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மாமியார் ஒரு வருஷத்தில் ஊருக்குப் போய்விடுவார். கணவரின் சித்தப்பா ஒரு குழந்தை பாலிசி போடச் சொல்கிறார்: வருஷம் 60,000, 15 வருஷம் கட்டினால் 20-வது வருஷம் 17 லட்சம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: பட்டியலில் ஐந்து விஷயம் எழுதியிருக்கிறீர்கள், காதுகுத்தைத் தவிர எதற்கும் தேதி இல்லை. ஆனால் பட்டியலிலேயே சேர்க்காமல், போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம்தான் உங்கள் வீட்டின் மிகப் பெரிய பணப் பிரச்சினை. மாமியார் ஊருக்குப் போகிறார். அன்றிலிருந்து குழந்தையை யார் பார்ப்பது? ஒன்று காப்பகத்துக்கு மாதம் ஏழெட்டாயிரம் எடுத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் வேலையை விட வேண்டும். விட்டால் 31,000 சம்பளம் மட்டும் நிற்காது, பி.எஃப். நிற்கும், இரண்டு மூன்று வருஷம் கழித்துத் திரும்பும்போது பழைய சம்பளத்துக்குக்கூட ஆள் எடுக்க யோசிப்பார்கள். மகளின் கல்யாணம் இருபது வருஷம் தள்ளி இருக்கிறது, அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இது 12 மாதத்தில் வருகிறது, யாரும் பேசவில்லை.

அதனால் முதலில் அடுத்த மூன்று வருஷத்தைப் பார்ப்போம். காப்பகம், காதுகுத்து, எல்கேஜி மூன்றும் அதற்குள் வரிசையாக நிற்கின்றன.

காப்பகத்துக்குப் பணம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. பைக் கடன் 11 மாதத்தில் முடிகிறது, மாமியார் கிளம்புவதும் கிட்டத்தட்ட அப்போதுதான். அந்த 4,200-ஐ வேறு எதற்கும் தொடாமல் அப்படியே காப்பகத்துக்குத் திருப்புங்கள், பாதிச் செலவு முடிந்தது. மீதி 4,000 எங்கிருந்து என்று கீழே சொல்கிறேன். அப்புறம், உங்கள் அலுவலகத்தில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிறார்களா? 2017-இல் மகப்பேறு சலுகைச் சட்டத்தில் முதலில் சேர்த்த விதிப்படி அந்த அளவு நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும். பல இடங்களில் யாரும் கேட்காததால் கிடைப்பதில்லை. எச்.ஆரிடம் ஒரு மெயில் போடுங்கள், போட்டால் குறைந்து போக ஒன்றுமில்லை.

காதுகுத்து. இதில் நான் வாயை விட்டால் இரண்டு குடும்பமும் என்மேல் பாயும், இருந்தாலும் சொல்கிறேன். சீட்டு 9 மாதத்தில் முடிகிறது. நடுவில் ஏலத்தில் தள்ளி எடுக்காமல் கடைசிவரை பொறுத்தால் கிட்டத்தட்ட ஒரு லட்சம் கைக்கு வரும். விழாவின் பட்ஜெட் அந்தச் சீட்டுப் பணம், அவ்வளவுதான். குலதெய்வக் கோவிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தி, நெருங்கிய சொந்தத்துக்குச் சாப்பாடு போட அது போதும். மண்டபம் பிடித்து நானூறு பேரைக் கூப்பிட்டால் மொய்யில் வந்துவிடும் என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். மொய் வருமானமே இல்லை, வட்டியில்லாத கடன். நோட்டில் எழுதியிருக்கிறார்கள், ஒவ்வொன்றாகத் திருப்பிச் செய்தாக வேண்டும்.

எல்கேஜிக்கு இன்னும் இருபது மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 6,000 வீதம் வங்கியில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் டெபாசிட்) போட்டால் வட்டியில்லாமலே 1.2 லட்சம். முதல் வருஷக் கட்டணம், சீருடை, வேன் எல்லாவற்றையும் கடன் வாங்காமல், நகை வைக்காமல் கட்டிவிடலாம். ஆனால் எந்தப் பள்ளி என்று முடிவெடுக்கும்போது எல்கேஜி கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். இன்று 75,000 வாங்கும் பள்ளி வருஷத்துக்கு 8 சதவீதம் ஏற்றினால் அவள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வரும்போது 2 லட்சத்தைத் தாண்டும். பள்ளிக்கூடத்துக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கல்லூரிக்குக் கல்விக் கடனில் நிற்கிற குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். கொஞ்சம் சுமாரான கட்டடமும் நல்ல ஆசிரியர்களும் உள்ள 45,000 ரூபாய்ப் பள்ளி கிடைத்தால் மாதம் மிச்சமாகும் 2,500 ரூபாய்தான் அவளுடைய கல்லூரிப் பணம்.

இனி சித்தப்பாவின் பாலிசி. 9 லட்சம் கட்டி 17 லட்சம் என்றால் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது, கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆனால் 20 வருஷம் ஆகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், வருஷத்துக்கு 5 சதவீதம்கூட முழுசாக வரவில்லை. அதே 60,000-ஐ 15 வருஷம், வருஷாவருஷம் ஏப்ரலில், பெண் குழந்தைகளுக்கான அரசின் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் கட்டினால், 8.2 சதவீத வட்டி கடைசிவரை மாறாமல் இருந்தால், 21-வது வருஷம் 28 லட்சத்துக்கு மேல் வருகிறது. வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும், குறையவும் செய்யும். அப்படிக் குறைந்தாலும் இந்தப் பாலிசியைவிட நல்ல நிலையில்தான் இருப்பீர்கள்.

"பாலிசியில் இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்பார். எவ்வளவு என்று கேளுங்கள். இந்த மாதிரிப் பாலிசிகளில் காப்பீட்டுத் தொகை பெரும்பாலும் பிரீமியத்தைப் போலப் பத்து மடங்கு, அதாவது ஆறு லட்சம். உங்கள் கணவருக்கு ஒன்று ஆனால் ஆறு லட்சத்தில் உங்கள் வீடு ஒரு வருஷம் ஓடுமா? டேர்ம் இன்சூரன்ஸ் எடுங்கள் (கட்டிய பணம் திரும்பாது, இறந்தால் மட்டும் குடும்பத்துக்குத் தொகை வரும்), அவருக்கு ஒரு கோடி, உங்களுக்கு 50 லட்சம். உங்களுக்கு எதற்கு என்று கேட்பார்கள், வீட்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது, அதற்குத்தான். கணவரின் பாலிசியை 1874-ஆம் வருஷத்து திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் எடுக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்திலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கும், டிக் செய்தால் அந்தப் பணம் உங்களுக்கும் மகளுக்கும் மட்டும்தான், அவருடைய கடன்காரர்கள் பொதுவாகக் கைவைக்க முடியாது.

மருத்துவக் காப்பீடு அலுவலகத்தில் இருக்கிறது என்று சும்மா இருக்காதீர்கள், வேலை மாறும் நாளில் அது போய்விடும். மூன்று பேருக்கும் சேர்த்துத் தனியாக ஒன்று வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, முன்பு டேர்முக்கும் மருத்துவத்துக்கும் 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம். மூன்று பாலிசிக்கும் சேர்த்து மாதக் கணக்கில் 3,000 ஒதுக்குங்கள்.

வங்கியில் இருக்கும் 2.4 லட்சம் சுமார் மூன்றரை மாதச் செலவுக்கு ஆகும். அது அவசரப் பணம். கார் முன்பணமாக மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சமாகும் 20,000-இல் காப்பீடு 3,000, பள்ளி ஆர்.டி. 6,000 போனால் 11,000 நிற்கிறது. செல்வமகளில் 3,000. இன்றைய வட்டியில் 15 வருஷம் கட்டினால், மகளுக்கு 23 வயதாகும்போது சுமார் 16.5 லட்சம். 18 வயதில் படிப்புக்காக இருப்பில் பாதிவரை எடுக்கலாம். தபால் நிலையத்திலோ வங்கியிலோ மகளுக்குப் பத்து வயதாவதற்குள் கணக்குத் தொடங்க வேண்டும், மாதம் 5-ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாதத்துக்கும் வட்டி. 6-ஆம் தேதி கட்டிவிட்டு வட்டி குறைகிறதே என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். இன்னொரு 4,000-ஐ நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் (50 பெரிய நிறுவனங்களின் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) எஸ்.ஐ.பி.யாக, அதாவது மாதாமாதம் போடுங்கள், இன்று 10 லட்சம் ஆகிற பொறியியல் படிப்பு வருஷம் 7 சதவீதம் ஏறினால் 16 வருஷத்தில் 30 லட்சத்தைத் தொடும், வட்டியை மட்டும் நம்பி அதை எட்ட முடியாது. சந்தை சில வருஷம் கண்ணைக் கட்டி அடிக்கும், அப்போது நிறுத்தக் கூடாது, மகளுக்குப் பதினைந்து வயதானதும் கொஞ்சம் கொஞ்சமாக டெபாசிட்டுக்கு மாற்ற வேண்டும். ஃபண்டை மகள் பெயரில் வேண்டாம், உங்கள் பெயரில் போடுங்கள். அவள் பெயரில் போட்டால் 18 வயதானதும் சட்டப்படி அது அவள் பணம், ஸ்கூட்டி வாங்கினாலும் நீங்கள் கேட்க முடியாது.

கடைசி 4,000 வீட்டுக்கு. காப்பகம் தொடங்கியதும் இது நிற்கும், மேலே சொன்ன மீதி 4,000 இதுதான். ஆமாம், வீடு தள்ளிப்போகிறது. 40 லட்சத்துக்கு ஒரு வீடு என்றால் வங்கி 80 சதவீதம்தான் தரும், 8 லட்சம் உங்கள் கையிலிருந்து, அதற்குமேல் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம், 3.6 லட்சம். ஆக 11.6 லட்சம் கையில் இல்லாமல் புரோக்கரோடு வீடு பார்க்கக் கிளம்பினால் நகையில்தான் போய் முடியும். எல்கேஜி சேர்த்த பிறகு, சம்பளம் ஏறினால் ஏறியதில் பாதி வீட்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு இப்போது தனியாக எதுவும் வேண்டாம், இருக்கும் நகையை விற்காமல் இருந்தால் போதும். கார், மகள் முதல் வகுப்புக்குப் போகும்போது பேசலாம்.

இன்று ராத்திரி குழந்தை தூங்கியதும் இரண்டு பேரும் தனித்தனித் தாளில் எந்த மாதம் எவ்வளவு பணம் தேவைப்படும் என்று எழுதுங்கள், அப்புறம் ஒப்பிடுங்கள். சண்டை வரும், வரட்டும், காதுகுத்துக்கு மண்டபம் என்று ஒருவர் எழுதியிருப்பார். சித்தப்பாவிடம் மட்டும் கணவரையே பேசச் சொல்லுங்கள், மருமகள் சொன்னால் வேறு கதையாகிவிடும். அவர் ஏஜென்ட் என்றால் டேர்ம் பாலிசியை அவரிடமே எடுங்கள், அவருக்கும் கமிஷன் வரும், பொங்கலுக்கு வீட்டுக்கு வந்து போவதும் நிற்காது.